அகல நிப்பு வைத்த ஒல்லிப் பேனா

கணவாய்ப்புதூரில் எல்லாருடைய கையெழுத்தும் ஆள் மாறிப்போனது ஆடி மாதம் மூன்றாம் வாரத்தில், செல்போன் ஊருக்கு வந்து சிக்னல் மட்டும் வராமல் இருந்த வருடத்தில். மேற்கே மலையில் ஓர் இடைவெளி இருக்கிறது, அது வழியாகத்தான் எங்களுக்குக் காற்றும் சாரலும் வாழைக்காய் லாரியும் வரும். அந்த வருடம் காற்று மூன்று நாள் மூச்சு விடாமல் அடித்து, எங்கள் தெருக் கொடியில் கிடந்த வேட்டிகளை அடுத்த தெருவிலும் அடுத்த தெரு வேட்டிகளை எங்கள் தெருவிலும் கொண்டுபோய்ப் போட்டது, நான்காம் நாள் காலையில் பார்த்தால் எழுத்தையும் அதே மாதிரி மாற்றிப் போட்டுவிட்டிருந்தது. வேட்டியையாவது கரையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதலில் கண்டுபிடித்தவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். கரும்பலகையில் தேதி போடப் போனவருக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோணல்மாணல் எழுத்து வந்து விழுந்தது, அவர் சாக்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கீழ் வகுப்பில் ஒரு சின்னப் பெண் அவருடைய கம்பீரமான எழுத்தில் சிலேட்டில் ‘அணில்’ என்று எழுதி அடியில் கோடும் இழுத்து டீச்சரை எழுந்து நிற்க வைத்துவிட்டாள். ஒன்பது மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தாயிற்று. பெரிய டாக்டரின் எழுத்து பூக்கடைக்காரம்மாவிடம் போயிருந்தது, அந்த அம்மா கோவிலுக்கு எழுதிக் கொடுத்த மாலைப் பட்டியலை மருந்துக்கடையில் காட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. டாக்டருக்கு அர்ச்சகரின் முத்து முத்தான எழுத்து வந்திருந்தது, தங்களுக்கு என்ன மருந்து எழுதியிருக்கிறது என்று நோயாளிகளே படித்துவிட்டதில் பாதிப் பேர் பயந்து குணமானார்கள்.

இருபது வருடமாக யார் வீட்டில் கல்யாணம் பேசினாலும் மொட்டைக் கடிதம் போட்டுக்கொண்டிருந்த எழுத்து ஒன்று எங்கள் ஊரில் உண்டு, அது பால்காரர் அந்தோணியிடம் வந்து சேர்ந்தது. அந்தோணி வாயில்லாப் பூச்சி, அவருடைய பழைய எழுத்து எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆகவே அவர் இல்லை. அப்படியானால் யார் என்று கண்டுபிடிக்கப் போலீசைக் கூப்பிடத்தான் வேண்டும் என்று பஜாரில் நின்று ரொம்பவும் சத்தம் போட்டவரின் பெயரை நான் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டிய அவசியமும் எங்கள் ஊரில் இல்லை.

கைநாட்டு வைப்பவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அவர்களுடைய பெருவிரல் அவர்களிடமே இருந்தது. எந்த ஆபீசிலும் சாட்சிக்கு அவர்களைத் தேடினார்கள், ஆட்டோவில் கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் எழுத்தைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி தாசில்தாருக்கு ஒரு மனுக் கொடுத்தோம், நூற்றெழுபது பேர் கையெழுத்துப் போட்டதில் ஒன்றுகூடப் போட்டவருடையது இல்லை. ஆவன செய்வதாகச் சொல்லி அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆவன ஆகும் வரை சும்மா இருக்க முடியுமா, பழகிக்கொண்டோம். வழியில் பார்த்தால் ‘சாப்டாச்சா’ என்று கேட்பது போய் ‘உங்ககிட்ட யாரு கை?’ என்று கேட்பது வழக்கமாயிற்று. பஸ் ஸ்டாண்டு வேப்பமரம் முழுக்கச் சீட்டுகள் ஒட்டியிருந்தன, இடது பக்கம் சாய்ந்து, புள்ளிக்குப் பதில் வட்டம் போடும் எழுத்து ஒன்று என்னிடம் இருக்கிறது, உரியவர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது மாதிரி. உரியவர் வருவார், தன்னுடைய எழுத்து இன்னொருவர் கையிலிருந்து வருவதை நின்று பார்ப்பார், நன்றாகத்தானே இருந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். திருப்பி வாங்க வழி இல்லை, ஆனால் பார்க்க முடிந்ததே போதும் என்று இருந்தது.

இதில் ஒரே ஒரு தொந்தரவு பேனாவால் வந்தது. வந்து சேர்ந்த எழுத்துக்கு அதன் பழைய பேனாதான் வேண்டியிருந்தது. பொடியாக எழுதும் கை பட்டை நிப்பைக் கண்டால் சுருண்டது, அழுத்தி எழுதும் கை மெல்லிய நிப்பை உடைத்தது. ஆகவே ஊரே மைதீன் பாத்து அக்காவின் பேனாக்கடைக்கு நடந்தது, பழைய பேனாவைக் கொடுத்துவிட்டுப் புதுக் கைக்கு ஒத்து வருகிற இன்னொன்றை எடுத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கடைக்கு ஒரு புதன்கிழமை மதியம், காற்று அடித்துப் பதினாறாம் நாள், கிளை நூலகத்தின் நூலகர் செண்பகவடிவு வேகவேகமாக ஏறி வந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். கையில் வந்திருக்கிற எழுத்துக்குப் பேனா அமையவில்லை என்றால் அந்த நிச்சயதார்த்தம் நடக்காது.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. தட்டு மாற்றுவது, பூ வைப்பது எல்லாம் அப்புறம், முதலில் பெயர் எழுத வேண்டும். மூலையில் மஞ்சள் தொட்ட ஒரு தாளில் மாப்பிள்ளை பெண்ணின் பெயரை இனிஷியலோடு எழுதுவார், அதே பேனாவை வாங்கி அதே தாளில் பெண் மாப்பிள்ளையின் பெயரை எழுதுவாள். பேனா மாறக் கூடாது. அடித்து எழுதக் கூடாது, மை சிந்தக் கூடாது, பெண்கள் ஐந்து பேராவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிசகினால் ஆறு மாதம் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டது மறுபடி கூடி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மாப்பிள்ளை உள்ளூர் என்றால் பேனா அவர் கொண்டுவர வேண்டும், வெளியூர் என்றால் பெண் வீட்டுப் பொறுப்பு. கல்யாண வயதில் ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ ஒரு பெண்ணின் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தால் எங்கள் ஊரில் யாரும் தப்பாக நினைப்பதில்லை, பரீட்சைக்குப் படிக்கிறான் என்று விட்டுவிடுவார்கள்.

வடிவுக்கு முப்பத்து மூன்று வயது. பார்க்க வந்தவர்களில் பதினோராவது இடம் இது. மாப்பிள்ளை பிரமநாயகம் ஆற்றுக்கு அக்கரையில் சிமெண்ட் ஏஜென்சி வைத்திருக்கிறவர், நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. பெண் பார்க்க வந்த அன்று அவளிடம் இரண்டே கேள்விகள் கேட்டார், லைப்ரரியில் ஃபேன் உண்டா என்று ஒன்று, வேலையை விடுவீர்களா என்று இன்னொன்று. முதல் கேள்விக்கு உண்டு என்றாள், இரண்டாவதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் சம்மதித்தது பிடித்துப்போய் இல்லை, பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை, அவ்வளவுதான். அப்பா பரமசிவன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினோரு தடவை பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கி அலுத்திருந்தார். அவரை நினைத்தும்தான் சரி என்று சொன்னாள்.

“வாட்டி வடிவு,” என்றார் மைதீன் பாத்து. “ஊரே வந்துட்டுப் போயாச்சு, லைப்ரரிக்காரிய மட்டும் காணுமேன்னு பாத்தேன். உனக்கு யாரு கை வந்திருக்கு?”

“தெரியலக்கா. நெட்டையா, அகலமா, நிதானமா ஒரு கை. பால்பாயிண்டுல எழுதினா தாளு கிழியுது. ஆபீஸ்ல மூணெழுத்து இனிஷியலப் போட்டுட்டு ஒப்பேத்திட்டு இருக்கேன்.”

“மரத்துல சீட்டு ஒட்டலியா?”

“ஒட்டினேன். ஒருத்தரும் வரல.”

மைதீன் பாத்துவின் கடை ஆள் இரண்டு பேர் ஒட்டி நின்றால் நிறைந்துவிடும் அகலம்தான், ஆனால் உள்ளே நீண்டுகொண்டே போகும், இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரியில் சிவப்புத் துணி விரித்துப் பேனாக்களை வரிசையாகப் படுக்க வைத்திருப்பார். ஒரு தாளைத் தள்ளி, முதல் பேனாவில் மையை நிரப்பிக் கையில் கொடுத்தார். பேனா வாங்க வருகிற யாரும் பிள்ளையார் சுழி போட்டு அடுத்துத் தன் பெயரை எழுதிப் பார்ப்பதுதான் உலக வழக்கம். வடிவு காரியத்தில் கண்ணாக இருந்ததால் வெள்ளிக்கிழமை எழுத வேண்டியதையே எழுதிப் பார்த்தாள், பிரமநாயகம் என்று.

முதல் பேனா கறுப்பு, கட்டை விரல் மொத்தம், அகலமான நிப்பு. அந்த நிப்பு தாளில் பட்டதும் அவள் கையில் இருந்த எழுத்து பதினாறு நாளில் முதன்முறையாகச் சோம்பல் முறித்து எழுந்தது, ‘பிர’ என்று இரண்டு எழுத்து வாட்டசாட்டமாக வந்து நின்றது. மூன்றாவது எழுத்துக்குள் பேனா அவளுடைய சின்ன விரல்களுக்குள் உருண்டுவிட்டது, உலக்கையால் கோலம் போடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இரண்டாவது பேனா எஃகு மூடி போட்டது, ஒல்லி, விரலோடு பிறந்தது மாதிரி உட்கார்ந்தது, ஆனால் நிப்பு ஊசி. கை அதைக் கோபமாக ஒரு இழுப்பு இழுத்து ‘பி’யின் கொக்கியிலேயே தாளைக் கிழித்தது. மூன்றாவது மொத்தம், நான்காவது ஊசி, ஐந்தாவதில் மை கொட்டியது, ஆறாவதின் நிப்பு அகலம்தான், ஆனால் இரும்பு, வளைந்து கொடுக்க மறுத்து ஒவ்வொரு சுழியிலும் கிறீச்சிட்டது. எழுத்துக்கு அகலம் வேண்டியிருந்தது, விரலுக்கு ஒல்லி வேண்டியிருந்தது, இரண்டும் ஒரே பேனாவில் இல்லை. பன்னிரண்டு, பதினான்கு, பதினெட்டுப் பேனாக்கள் ஆயின. இரண்டாவது கணு வரை அவளுக்கு மை. அலுப்பு வரவேண்டிய நேரத்தில் அவளுக்கு ஏனோ உற்சாகம் ஏறிக்கொண்டே போனது, நிச்சயதார்த்தப் புடவை எடுக்கப் போனபோதுகூட அவள் இவ்வளவு ஆசையாக எதையும் எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை, அடுத்தது குடுங்கக்கா, அடுத்தது குடுங்கக்கா என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

“ஒல்லி உடம்புல அகல நிப்பு எவனும் போட மாட்டான்,” என்றார் மைதீன் பாத்து. “ஒல்லிப் பேனா கேக்கவன் பொடியா எழுதுவான்னு கம்பெனிக்காரன் நெனப்பு.”

“மாத்திட்டுப் போன பேனாவெல்லாம் இருக்குமே, அதுல பாருங்களேன்.”

மைதீன் பாத்து உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தார். தட்டில் நாற்பது ஐம்பது பேனாக்கள் கிடந்தன. அவர் விரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றின் மேல் நின்றது, அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது, திரும்பவும் அதற்கே வந்தது. கடைசியில் அவர் அதை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து நீட்டினார்.

கருநீல உடம்பு, சுண்டுவிரலை விட ஒல்லி. மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே, அந்த உடம்புக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி அகன்று பரந்து, முனை சதுரமாக மழுங்கி, ஒரு தங்க நிப்பு இருந்தது. வெயில் அதில் பட்டு மைதீன் பாத்துவின் மோவாயில் மஞ்சளாக விழுந்தது. வடிவு பிடித்துப் பார்த்தாள், விரல்கள் தாமாக அதைச் சுற்றி மூடிக்கொண்டன. தாளில் வைத்தாள், தங்கம் மெத்தென்று இறங்கி வளைந்து கொடுத்தது. இதற்குமேல் தேட வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த சந்தோஷத்தில் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளையார் சுழி போட்டாள், போட்டுவிட்டுப் பிரமநாயகம் என்று எழுதப் போனாள்.

கை எழுதியது அதை இல்லை. கை எழுதியது ப. செண்பகவடிவு.

நீலக்கறுப்பு மையில், பட்டையாக இறங்கும் கோடும் மெலிந்து ஏறும் கோடுமாக, நடுவில் எங்கும் நிற்காமல், கடைசி ‘வு’வின் கீழ்ச் சுழியை அப்படியே இழுத்து முழுப் பெயருக்கும் அடியில் ஓடவிட்டு முடித்தது. ஆயிரம் முறை எழுதிப் பழகியிருந்தால்தான் அப்படி வரும். மேலே பதினெட்டு முறை எழுதிய பிரமநாயகம் எல்லாம் வீடு தேடி அலைகிற வெளியூர்க்காரர் மாதிரித் தட்டுத்தடுமாறி நின்றது.

“இது என் பேரு,” என்றாள் வடிவு.

“தெரியுது.”

“நான் எழுதலக்கா.”

“அதும் தெரியுது,” என்று மைதீன் பாத்து மைப்புட்டியை மூடினார்.

“யாரு பேனா இது?”

“மாத்த வந்தவுக பேர நான் யார்ட்டயும் சொல்லதில்ல. சொன்னா நாளைக்குக் கடைக்கு ஒருத்தர் வர மாட்டாவ.”

“நிப்பு இவ்ளோ அகலத்துல, உடம்பு ஏன் இவ்ளோ ஒல்லியா இருக்கு? அதையாவது சொல்லுங்க.”

“நாலு வருசத்துக்கு முன்ன சொல்லி வரவழச்ச பேனாட்டி இது. இப்படி ஒண்ணு கெடையாதுன்னு கம்பெனிக்காரன் எழுதுதான், செஞ்சு குடுன்னு இவரு எழுதுதாரு, நாலு கடுதாசி. நானும் கேட்டேன், ஏன் இப்படீன்னு. சொன்னாரு. அத அவரு வாயால சொன்னாத்தான் நல்லாருக்கும்.” மைதீன் பாத்து தாளில் இருந்த பெயரை இன்னொரு முறை பார்த்தார். “இப்ப அவருக்கு வந்த கை சின்னதாம், உருண்டையாம். ஊசி நிப்புத்தான் வேணும்னாரு. மனசே இல்லாம வச்சிட்டுப் போனாரு. நீ இத எடுத்துட்டுப் போ.”

வடிவு பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு பஜாரில் இறங்கி நடந்தாள். காய்கறி மார்க்கெட் தாண்டும்போதுதான் சின்னது, உருண்டை என்று மைதீன் பாத்து சொன்னது மனதில் தைத்தது. அவளுடைய எழுத்துதான் சின்னது, உருண்டை. பதினோராயிரம் புத்தகங்களின் முதுகில் அவள் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டுகளில் இருக்கிற எழுத்து, ஊரில் படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த எழுத்து. அதை வைத்துக்கொண்டு பதினாறு நாளாக ஒருவர் மூச்சுக் காட்டாமல் இருக்கிறார். அவள் நடையை ஓட்டமாக மாற்றினாள். முப்பத்து மூன்று வயதுப் பெண், அரசாங்க உத்தியோகம், வெள்ளிக்கிழமை நிச்சயம், சாயங்காலம் நாலரை மணிக்குப் பஜாரில் ஓடுகிறாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

நூலகத்தில் வாசலை ஒட்டி ஒரு வருகைப் பதிவேடு உண்டு, உள்ளே வருகிற யாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வடிவு பழைய பக்கங்களையெல்லாம் திருப்பினாள், தன் கையில் இருக்கிற நெட்டை எழுத்தைத் தேடினாள். அகப்படவில்லை. சணல் போட்டுக் கட்டிய அந்த ஒற்றைப் பால்பாயிண்டில் யார் எழுதினாலும் ஒரே மாதிரி கோழிக் கிறுக்கலாகத்தான் இருந்தது. பிறகுதான் அவளுக்கு யோசனை வந்தது. அவள் எழுத்தை வைத்திருக்கிறவர் எப்படி இங்கே வருவார், வந்து எப்படி அவள் மூக்குக்கு முன்னால் கையெழுத்துப் போடுவார்? இருக்கிறவரைத் தேடக் கூடாது, வராதவரைத் தேட வேண்டும். காற்றுக்குப் பிந்திய பக்கங்களில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். தினமும் வருகிற நாற்பத்தோரு பேரில் நாற்பது பேர் யார் யாருடைய எழுத்திலோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆறு வருடமாக ஒரு நாள் தவறாமல் ஐந்தே முக்காலுக்கு வருகிற ஒரு வரி மட்டும், காற்று அடித்த நாளோடு நின்றுபோயிருந்தது.

ம. குத்தாலிங்கம். அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிச் சீட்டு எழுதுகிறவர். முப்பத்தெட்டு வயது, ஆள் நல்ல உயரம், கை முறம் அகலம், பேச்சு மட்டும் கிடையாது. இரண்டாவது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படிப்பார், ஆறே முக்காலுக்கு எழுந்து நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போவார். அவர் எடுத்துப் போகிற புத்தகத்தில் கிழிந்த பக்கம் இருந்தால் திரும்பி வரும்போது பசை போட்டு ஒட்டி வரும். புதுப் புத்தகக் கட்டு வந்தால் வடிவு ஒன்றிரண்டை மேசைக்குள்ளே ஒதுக்கி வைப்பாள், யாருக்காக என்று தன்னிடம் அவள் கேட்டுக்கொண்டதில்லை. இந்தப் பதினாறு நாளில் சாயங்காலமானால் இரண்டாவது ஃபேன் பக்கம் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்கிறாள் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கையில் மை. பயமாகவும் இருந்தது. பழகுவதற்காகச் சும்மா ஏதோ ஒரு பெயரை எழுதியிருக்கலாம், கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம், சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை பதினோராவது இடத்துக்கு அவள் பெயர் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அத்தனை நாளாக அகப்படாத காரணம் இப்போது அகப்பட்டுவிட்டது.

வியாழக்கிழமை பிரஷர் மாத்திரை கொடுக்கிற நாள். பரமசிவன் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார், நானும் வருகிறேன் என்று வடிவு கூடவே கிளம்பினாள். வரிசை வேப்பமரம் வரை நின்றது. காற்று அடித்ததிலிருந்தே அப்படித்தான், குத்தாலிங்கம் முன்பெல்லாம் மளமளவென்று எழுதித் தள்ளுகிறவர், இப்போது ஒவ்வொரு எழுத்தையும் அச்சுக் கோத்தது மாதிரி தனித்தனியாக வரைந்துகொண்டிருந்தார், ஒரு சீட்டுக்குப் பத்து நிமிஷம். கை சுகமில்லையோ என்று நாங்கள் நினைத்தோம்.

வரிசையில் அப்பாவை நாலைந்து பேருக்குப் பின்னால் விட்டுவிட்டு, கொஞ்சம் வழி விடுங்கக்கா, கொஞ்சம் வழி விடுங்க மதினி என்று கெஞ்சிக் கெஞ்சி வடிவு ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். அவர் நிமிரவில்லை. பெரிய கைக்குள் ஒரு ஊசி நிப்புப் பேனா காணாமல் போயிருந்தது.

“பேரு?”

“ப. செண்பகவடிவு.”

பேனா நின்றது. அவர் காது நுனி சிவந்தது. நிமிராமலே அடுத்ததைக் கேட்டார், பதினைந்து வருடப் பழக்கம், வாய் தானாகக் கேட்டது.

“வயசு?”

“முப்பத்து மூணு.”

“என்ன செய்யுது?”

“கைதான் சார். நாளைக்கு எழுத வேண்டிய பேர எழுத மாட்டங்கு. வேற பேரு எழுதுது.” அவள் நேற்றைய தாளை ஜன்னல் கட்டையில் விரித்தாள், அதன் மேல் கருநீலப் பேனாவை வைத்தாள். “இதுலயே எழுதுங்க சார். பிரிச்சுப் பிரிச்சு வேண்டாம். வர்றபடி சேத்து எழுதுங்க.”

குத்தாலிங்கம் தாளைப் பார்த்தார். தன்னுடைய எழுத்தில், தன்னுடைய பேனாவில், ஆறு வருடமாகத் தன்னுடைய வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய பெயர் ஆஸ்பத்திரி ஜன்னலில் கிடந்தது. இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்வதற்கு வாயைத் திறக்கவும் செய்தார் என்று முன்னால் நின்றவர்கள் சொல்கிறார்கள். வாய் அப்போதும் வரவில்லை, நல்லவேளை. பேனாவை எடுத்தார், வெளிநோயாளிச் சீட்டில் பெயர் என்று அச்சடித்த இடத்தில் சேர்த்தே எழுதினார், சின்னதாக, உருண்டையாக, பதினோராயிரம் புத்தகங்களின் முதுகில் நாங்கள் பார்த்த எழுத்தில். அகல நிப்பில் அந்தச் சுழிகள் மூடிக்கொள்ளப் பார்த்தன, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து வைத்து எழுதினார். ப. செண்பகவடிவு. ஒரு புள்ளி சிந்தவில்லை.

எங்கள் ஊரில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து நின்ற பெண் விரலில் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட வந்தவள், கட்டெல்லாம் மஞ்சள் மருந்து. அவள் கையை நீட்டிச் சீட்டின் மூலையில் ஒரு தொடு தொட்டாள்.

“மஞ்ச வேணும்லா,” என்றாள்.

“பொம்பளையாளு அஞ்சு பேரு இருக்கமா?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

“இருபது பேரு இருக்கோம். நீ தலைய நகத்து, மறைக்குது.”

வடிவு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பரமசிவன் மாத்திரை டப்பாவைப் பிடித்துக்கொண்டு வரிசையிலேயே நின்றார். அவருக்கு எழுத்து மாறியதிலிருந்து எதுவும் முழுசாகப் புரிந்ததில்லை, ஆனால் பதினோரு தடவை பஜ்ஜித் தட்டோடு வந்து நின்ற மகளின் முகத்தையும் அவர் பார்த்திருக்கிறார், இந்த முகத்தையும் இப்போது பார்த்தார்.

“அக்கரைக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிடுதேன்,” என்றார். “நல்ல மனுசன், புரிஞ்சுக்கிடுவாரு. நீ எழுதும்மா.”

குத்தாலிங்கம் பேனாவைத் திருப்பி, நிப்புத் தன் பக்கமாக வைத்து நீட்டினார். அவள் வாங்கினாள். வாங்கியவள் உடனே எழுதவில்லை.

“ஒண்ணு கேக்கேன் சார். இவ்ளோ பெரிய கைக்கு எதுக்கு இவ்ளோ ஒல்லிப் பேனா?”

அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“நிப்புத்தான் எனக்கு,” என்றார். “உடம்பு, ரெண்டாவதா எழுதுறவங்களுக்கு. புத்தகத்துல நீங்க சீல் வைக்கும்போது பாத்திருக்கேன். உங்க விரலு சின்னது.”

ஆறு வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது, சீட்டில் விழுந்தால் மை கலையும் என்று முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாள். தன் பெயருக்கு அடியில் நிப்பை வைத்தாள். ம. குத்தாலிங்கம் என்று எழுதினாள், நெட்டையாக, அகலமாக, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். இந்த முறை கை எழுதியதும் அவள் எழுத நினைத்ததும் ஒன்றாகவே இருந்தது.